சூடத்தின் மேல் ஒரு கை

அத்தியாயம் 17

போன வாரம் நெடுஞ்செழியனைக் காதில் போனோடு நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். ஒரு வாரமாக அந்த மனிதர் அப்படியே நிற்கிறாரே, உங்களுக்கு இரக்கமே இல்லையா என்று கேட்டவர்கள் உண்டு. கவலை வேண்டாம். போனை வைத்துவிட்டார். வைத்துவிட்டு, திண்டிவனத்து வீட்டுக் கூடத்தில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை.

நெடுஞ்செழியன் ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். சாமி இல்லை என்பவர். பீரோவில் கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் ஒரு சட்டை தொங்கினால், அது அவர் மனைவி செண்பகம் தெரியாமல் வாங்கி மாட்டியது என்று அர்த்தம். செண்பகத்துக்கோ தெருமுனை திரௌபதி அம்மன்தான் எல்லாம். இந்த இரண்டு பேரும் இத்தனை வருடம் ஒரே வீட்டில் குப்பை கொட்டி, ஒரே மகன் தென்னரசை ஆளாக்கி, விழுப்புரத்துப் பெண் ஆர்த்தியை அவனுக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆர்த்திக்கு இப்போது ஏழாவது மாதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு.

ஆர்த்தியின் அப்பா கோதண்டபாணி, நெற்றியில் நாமம் ஏறாமல் வாசல்படி தாண்டாதவர். கறுப்புச் சட்டையும் நாமமும் ஒருத்தருக்கொருத்தர் உயிர். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்தப் பிரியத்தின் நடுவில்தான் போன வாரம் ஒரு போன் வந்தது. கூப்பிட்டது அப்பாதுரை, கோதண்டபாணியின் சித்தப்பா மகன். மண்டகப்பட்டில் ரோட்டோரமாக இருந்த தன் நிலத்தை மூன்று வருடத்துக்கு முன் அண்ணனுக்கே விற்றுவிட்டு, பின்னால் இருந்த கொல்லை நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டவர். பின்கொல்லைக்குப் போக முன்நிலத்தில் வழி விடுவதாக கோதண்டபாணி வாயால் சொன்னார். பங்காளிக்குள் எழுத்து எதற்கு என்று யாரும் எழுதவில்லை. இப்போது அந்த வழியில் கோதண்டபாணி சவுக்கு நட்டுவிட்டார்.

"நடந்து போறதுக்குத்தான் வழின்னு சொன்னேன், வரப்பு இருக்குதே" என்கிறார் அண்ணன்.

"டிராக்டர் போறதுக்குன்னுதான் சொன்ன" என்கிறார் தம்பி. பின்கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, முற்றி நிற்கிறது. டிராக்டரும் மெஷினும் உள்ளே போகாவிட்டால் அத்தனையும் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

ஊரில் பேசி ஒரு முடிவு சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை எல்லையம்மன் கோயிலில் கோதண்டபாணி சூடம் அணைக்க வேண்டும். வெற்றிலையில் சூடத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதை அம்மன் முன்னால் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைப்பது அந்தப் பக்கத்துச் சத்தியம். அணைத்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பொய்யாக அணைத்தால் அது அணைத்தவரின் வம்சத்தைப் பிடிக்கும் என்பார்கள்.

வழி விடுவதாகச் சொன்ன அன்று அதைக் காதால் கேட்ட மூன்றாவது ஆள் ஒரே ஒருவர். நம் நெடுஞ்செழியன். "நீங்க வந்து, கேட்டத சொல்லுங்க கண்டக்டரே, அது போதும்" என்றுதான் அப்பாதுரை போனில் சொன்னார்.

நெடுஞ்செழியனுக்கு அது நன்றாகவே ஞாபகம் இருந்தது. சம்மந்தி டிராக்டர் என்றுதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் செண்பகம் கேப்பை அடையைத் தட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இன்னாங்க, போயே ஆவணுமா?"

"கூப்புட்டுக்கிறாரு. கேட்டத சொல்லிட்டு வந்துர்றேன்."

"சம்மந்திய ஊர் முன்னால பொய்க்காரரா ஆக்கிட்டு வந்து, ஞாயித்துக்கெழம அவரு கையால சந்தனம் வாங்கிப் பூசிக்குவீங்களா? அந்தப் பொண்ணு மூஞ்சிய பாருங்க. பேசாம உங்களுக்குக் காய்ச்சல்னு சொல்லிடறேன்."

நெடுஞ்செழியன் சிரித்தார். "சாமி கும்புடற நீ பொய் சொல்லலாங்கற. கும்புடாத நான் மாட்டேங்கறேன். நல்லா இருக்குதே."

"ரொம்ப பீத்திக்காதீங்க. உங்களுக்குள்ள ஆத்தா உக்காந்துக்கினு உங்கள நடத்தறா. உங்களுக்குத்தான் அது தெரியல."

"சரி. நாளைக்கே உன் ஆத்தா லீவு போட்டுட்டு எங்கியோ போயிட்டான்னு வை. நீ பக்கத்து வூட்டு வேணியோட கோழிய புடிச்சி கொழம்பு வெச்சிடுவியா?"

"சீ! நான் ஏன் வெக்கப் போறேன்? அந்தப் பொண்ணு எவ்ளோ ஆசையா வளக்குது."

"அதத்தான் நானும் சொல்றேன்."

செண்பகம் அடையைத் திருப்பிப் போட்டாள். அது கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

"வெள்ளிக்கெழம காலையில கோழிக் கொழம்புப் பேச்சு" என்றாள்.

நெடுஞ்செழியன் செருப்பை மாட்டும்போது ஆர்த்தி வாசல் வரை வந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று நின்றாள். தென்னரசு விடிவதற்கு முன்பே கிளியனூருக்கு மல்லாட்டை ஏற்றப் போய்விட்டான். அவனுக்கு எண்ணெய் செக்கு இருக்கிறது. செண்பகம் அடுப்படியில் இருந்தாள்.

"மாமா, எங்கப்பாவுக்காகப் பேசுங்கன்னு சொல்ல மாட்டேன். அன்னிக்கு நீங்க இன்னா கேட்டீங்கன்னும் கேக்க மாட்டேன். அவர சத்தியம் மட்டும் பண்ண விடாதீங்க."

"நீ எம்.எஸ்சி. படிச்ச பொண்ணும்மா. இதெல்லாம் நம்பறியா?"

"நம்பல மாமா." வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். "ஆனா இது உள்ள இருந்து உதைக்கும்போது கொஞ்சம் பயமா இருக்குது. அதக்கூட விடுங்க. நாளைக்கு எனக்கு ஒரு தலைவலி வந்தாலும் எங்கப்பா தன்னாலதான்னு நெனச்சிக்குவாரு. சின்ன வயசுல எனக்கு அம்மை போட்டப்போ, பெருமாளுக்குப் பூ வெக்க மறந்துட்டேன், அதனாலதான்னு சொல்லி சோறே திங்காம கெடந்தாரு. பிரசவத்துல ஏதாச்சும் ஒண்ணுன்னா அந்த மனுஷன் அவ்ளோதான் மாமா."

நெடுஞ்செழியன் மேடையில் மணிக்கணக்காகப் பேசக்கூடியவர். சூடம் என்பது என்ன, அது எரிந்தால் என்ன மிஞ்சும் என்று ஒரு கூட்டத்தில் அவர் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதில் ஒரு வார்த்தை கூட உபயோகப்படவில்லை.

"வர்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கோதண்டபாணி ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நெற்றியில் அன்றைக்கு நாமம் வழக்கத்தை விடப் பளிச்சென்று இருந்தது. சண்டைக்குப் போகும் நாள் அல்லவா.

"வாங்க சம்மந்தி. மொதல்ல சாப்புடுங்க" என்று தூக்குவாளியைத் திறந்தார். உள்ளே சூடான வெண்பொங்கல்.

நெடுஞ்செழியன் பார்த்த பார்வையைப் புரிந்துகொண்டு, "சாமிக்கு வெக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிட்டேன். தைரியமா சாப்புடுங்க" என்றார்.

படைப்பதற்கு முன் ஒரு கரண்டி எடுப்பது கோதண்டபாணி வீட்டில் எவ்வளவு பெரிய குற்றம் என்று அவர் மனைவியைக் கேட்டால் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து சம்மந்திக்காக அந்தக் குற்றத்தை அவர் விடாமல் செய்துவருகிறார். பதிலுக்கு நெடுஞ்செழியன், இருவரும் எந்தக் கோயிலுக்குப் போனாலும் வெளியே நின்று கோதண்டபாணியின் செருப்பைப் பார்த்துக்கொள்வார். அதில் அவருக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

நெடுஞ்செழியன் ஒரு வாய் பொங்கல் போட்டுக்கொண்டார். இந்த மனிதருக்கு எதிராகவா போய் நிற்கப் போகிறோம் என்று நினைத்தார். கஷ்டமாகத்தான் இருந்தது.

பைக் டவுனைத் தாண்டியதும் கோதண்டபாணி பேச்சை எடுத்தார். சித்திரை வெயில் ரோட்டில் பளபளத்தது.

"நடக்கத்தான் வழின்னு சொன்னேன் சம்மந்தி. உங்களுக்கும் அப்படித்தான ஞாபகம்?"

"இல்ல சம்மந்தி. டிராக்டர்னு சொன்னீங்க."

"ஆங்?"

"டிராக்டர்னு சொன்னீங்க!"

"ஹெல்மெட்டுல ஒண்ணும் கேக்கல" என்றார் கோதண்டபாணி. கேட்டிருந்தது. பைக் திடீரென்று வேகம் எடுத்ததே அதற்குச் சாட்சி.

நெடுஞ்செழியனும் விடவில்லை. குனிந்து, ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "இன்னிக்கு சத்தியம் வேணாம் சம்மந்தி. ஆர்த்தி சொல்லி அனுப்புச்சி" என்றார்.

மண்டகப்பட்டு குகைக் கோயில் முனை வந்தது. அங்கே பைக்கைத் திருப்பியபடி கோதண்டபாணி சொன்னார்: "நெசம் பேசறவன் எதுக்கு சம்மந்தி பயப்படணும்?"

அதைச் சொல்லும்போது அவர் குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

எல்லையம்மன் கோயில் சின்னது. முன்னால் தகரக் கொட்டகை. பங்காளிகள், பக்கத்து நிலத்துக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று கொட்டகை நிறைந்திருந்தது. கோதண்டபாணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நெடுஞ்செழியன் வழக்கம் போல வெளியே, கொட்டகைக் காலை ஒட்டி, அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் நின்றார்.

அப்பாதுரை எழுந்தார். மெலிந்த மனிதர், கழுத்தில் துண்டு. "அண்ணன் சத்தியம் பண்றது எனக்கு இஷ்டமில்ல. கண்டக்டர் வந்துக்கிறாரு. அவரு கேட்டத சொல்லட்டும். நடக்கத்தான்னு அவரு சொன்னா, நான் இன்னியோட வாய மூடிக்கறேன்."

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெப்படி? சாமியே இல்லேன்றவரு சொல்றத சாமி வாசல்ல எப்படி எடுத்துக்கறது? பயம்னு ஒண்ணு இருந்தாத்தான வாயில நெசம் வரும்?"

கூட்டத்தில் நாலைந்து தலைகள் ஆடின.

"நான் ஒண்ணு கேக்கறேன் பூசாரி" என்றார் அப்பாதுரை. "நாளைக்கு நான் ஒரு பொய் சொல்லிட்டேன். இன்னா பண்ணுவேன்? ஆத்தாளுக்குப் பொங்க வெப்பேன், மொட்ட போடுவேன், கால்ல வுழுந்து எந்திரிச்சிடுவேன். இந்த ஆளு பொய் சொன்னா எங்க போயி கழுவுவாரு? இவருக்குத்தான் பரிகாரமே கெடையாதே. சாவற வரைக்கும் அது அவரோடவே கெடக்கும். அதான் இவரு பேச்ச நான் நம்பறேன்."

இப்படி ஒரு வக்கீலை நெடுஞ்செழியன் எதிர்பார்க்கவில்லை. தன்னோடு மேடையேறும் தோழர்கள் கூட இதை இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லையே என்று அவருக்குத் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கூட்டம் முழுக்கத் திரும்பி அவர் வாயைப் பார்த்தது.

அந்தப் பார்வையைக் கோதண்டபாணியால் தாங்க முடியவில்லை. சொந்தச் சம்மந்தி இனி என்ன சொல்லப் போகிறார் என்று அவருக்குத் தெரியுமே. ஹெல்மெட்டுக்குள் இரண்டு தடவை கேட்டவர் ஆயிற்றே.

"யாரு சாட்சியும் வேணாம்!" என்று எழுந்துவிட்டார். "என் பேச்ச நானே சொல்லிக்கறேன். சூடத்த ஏத்து."

பூசாரி வெற்றிலையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். நல்ல பெரிய கட்டி. குப்பென்று பிடித்தது.

நெடுஞ்செழியன் கொட்டகைக் காலை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார். "சம்மந்தி, வேணாம்."

"நடக்கத்தான் வழி வுடறேன்னு சொன்னேன்" என்றார் கோதண்டபாணி, அம்மனைப் பார்த்து. "எல்லையம்மா, நீ சாட்சி."

கையை நீட்டினார். சூடத்துக்கு நேர் மேலே வந்ததும் அந்தக் கை நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நெருப்புக்குப் பயம் என்று நினைத்திருப்பார்கள். நெடுஞ்செழியனுக்கு அது நெருப்பு இல்லை என்று புரிந்துவிட்டது. அவருக்கு ஆர்த்தியின் முகம் ஞாபகம் வந்தது. அம்மை போட்ட குழந்தைக்குப் பக்கத்தில் சாப்பிடாமல் கிடந்த ஒரு அப்பா ஞாபகம் வந்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் யோசிக்கவில்லை.

செருப்புக் காலோடு கொட்டகைக்குள் பாய்ந்தார். சம்மந்தியின் கையை ஒரு தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, எரிகிற சூடத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

நெருப்பு அணைந்தது. புகை மட்டும் விரல் இடுக்கில் வந்தது.

பிறகு யாரோ கூவினார்கள். "அய்யய்யோ, கண்டக்டர் சத்தியம் பண்ணிட்டாருய்யா!"

"நான் எங்கய்யா சத்தியம் பண்ணேன்?" நெடுஞ்செழியன் கையை உதறினார். எரிச்சல் தாங்கவில்லை. "நெருப்ப அணைச்சேன்!"

"அணைக்கறதுதான்யா சத்தியம்" என்றார் பூசாரி. அவர் முகத்தில் இப்போது ஒரு வெற்றிக் களை. "எத்தினியோ பேரு அணைச்சி நான் பாத்துக்கிறேன். ஆத்தா முன்னால சூடத்துல கைய வெச்சிட்டீங்க. இனிமே நீங்க சொல்லித்தான் ஆவணும். சொல்லாம இந்தக் கொட்டாய வுட்டு நவுரக் கூடாது."

வாழ்நாள் முழுக்க எந்தச் சாமியையும் கும்பிடாத மனிதர் செருப்போடு கோயிலுக்குள் புகுந்து, ஊர் அறியச் சூடம் அணைத்துவிட்டு நிற்கிறார். இந்த மாதிரி ஒரு தப்பை நம் நெடுஞ்செழியனைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

நெடுஞ்செழியன் கோதண்டபாணியைப் பார்த்தார். கோதண்டபாணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்றேன்" என்றார் நெடுஞ்செழியன். "டிராக்டர் போற வழின்னுதான் என் சம்மந்தி சொன்னாரு."

கூட்டம் சலசலத்தது. அவர் கையை உயர்த்தி அடக்கினார்.

"இருங்க, இன்னும் முடியல. எனக்கு எப்படி இவ்ளோ கரெக்டா ஞாபகம்னு கேக்க மாட்டீங்களா? அன்னிக்கு நான் பொண்ணு பாக்க வந்திருந்தேன். எனக்கு ஜாதகம் கெடையாது, பொருத்தம் கெடையாது. எத வெச்சி முடிவு பண்றதுன்னு தெரியாம காபிய கைல வெச்சிக்கினு உக்காந்துகினு இருந்தேன். அப்போ அப்பாதுரை வந்து, பின்கொல்லிக்கு நடக்கறதுக்கு மட்டும் கொஞ்சம் வழி வுடுண்ணேன்னு கேட்டாரு. அவரு கேட்டதே நடக்கறதுக்குத்தான். இவரு யோசிக்கக் கூட இல்ல. 'நடந்து போயி இன்னாடா பண்ணுவ, டிராக்டர் போற மாதிரியே வுடறேன்'னாரு. ஒருத்தரும் அவர கேக்கல. ஒருத்தரும் எழுதிக்கல. கேட்டதுக்கு மேல குடுக்கற மனுஷன். இந்த வூட்ல பொண்ணு எடுக்கலாம்னு அப்போதான் முடிவு பண்ணேன்."

கடைசியில் குரல் லேசாக உடைந்தது. அவருக்கே அது பிடிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கோதண்டபாணி வெளியே நடந்தார். வெறுங்காலோடு வெயிலில் நேராகத் தன் நிலத்துக்குப் போனார். வரப்பை ஒட்டி வரிசையாக நின்ற சவுக்கு நாற்றுகளில் முதல் நாற்றைக் குனிந்து பிடுங்கினார்.

"அண்ணே, வெயில் தாழ நான் பாத்துக்கறேண்ணே" என்று அப்பாதுரை பின்னாலேயே ஓடினார். கோதண்டபாணி நிமிரவில்லை. இரண்டாவது நாற்றைப் பிடுங்கினார். அப்பாதுரை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் தானும் குனிந்தார்.

நெடுஞ்செழியன் கோயில் வாசலில் கிடந்த சம்மந்தியின் செருப்பை எடுத்து வந்து வரப்பின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். கோதண்டபாணி திரும்பவே இல்லை. கூட்டத்தில் வந்த ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் பஸ்ஸில் விட்டார்.

திண்டிவனம் வந்து சேரும்போது உள்ளங்கை நடுவில் கொப்புளம் கிளம்பியிருந்தது. செண்பகம் கற்றாழையை வெட்டி வந்து, திட்டிக்கொண்டே தடவினாள்.

ஆர்த்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அணைச்சாரா மாமா?"

"இல்லம்மா."

"அப்போ யாரு அணைச்சது?"

நெடுஞ்செழியன் கையை விரித்துக் காட்டினார். நடந்ததைச் சொன்னார். செருப்புக் காலோடு பாய்ந்த இடம் வந்ததும் ஆர்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம வருவாரா?" என்றாள் செண்பகம் மெதுவாக. பந்தல்காரர் கொண்டுவந்து இறக்கிய மூங்கில் வாசலில் அப்படியே கிடந்தது. அப்பா வளையல் கொண்டுவராமல் வளைகாப்பு எப்படி நடக்கும்? நெடுஞ்செழியன் கையை ஊதிக்கொண்டே கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். சொன்னது சரி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சரியாக இருந்தும் தெருவை எட்டி எட்டிப் பார்த்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் பைக் சத்தம் கேட்டது.

கோதண்டபாணி உள்ளே வந்தார். ஒரு கையில் மஞ்சள் பையில் வளையல் பெட்டி. இன்னொரு கையில் மெடிக்கல் கவர். நகக்கண் எல்லாம் செம்மண். போனை எடுக்காததற்கு அந்தக் கையே காரணம் சொன்னது. மகளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, வளையல் பெட்டியை அவள் கையில் கொடுத்தார். நேராக நெடுஞ்செழியனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கைய காட்டுங்க சம்மந்தி."

நெடுஞ்செழியன் காட்டினார். கோதண்டபாணி கற்றாழையை மெதுவாகத் துடைத்துவிட்டு, தீப்புண் மருந்து டியூபைத் திறந்தார்.

"சூடத்துக்கு மேல கை போவும்போதே ஞாபகம் வந்துடுச்சி" என்றார், கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டே. "டிராக்டர்னுதான் சொன்னேன். அப்படியே எங்குரலே கேட்டுச்சி. ஆனா அத்தினி பேரு பாத்துக்கினு நிக்கறாங்க. கைய எடுக்க முடியல. எதுருல ஆத்தா நிக்கறா. அவளுக்குப் பயந்து எடுத்திருக்கணும். நான் ஊருக்குப் பயந்து அணைக்கப் போனேன் சம்மந்தி."

"வுடுங்க. அதான் அணைக்கலியே."

"வழி வுட்டாச்சி. நாளைக்குக் காலையில அப்பாதுரை டிராக்டர் உள்ள போவுது." மருந்தை விரல் நுனியில் எடுத்துத் தடவினார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்களுக்குத்தான் சாமி இல்லியே. நான் பொய் சத்தியம் பண்ணாலும் ஒண்ணும் ஆவப் போறதில்லன்னு சொல்ற ஆளு நீங்க. சாட்சி மட்டும் சொல்லிட்டுப் போயிருக்கலாம். எதுக்கு கைய சுட்டுக்கினீங்க?"

நெடுஞ்செழியன் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"நீங்க நம்பறீங்களே சம்மந்தி" என்றார்.

கோதண்டபாணி தலையைக் குனிந்துகொண்டு மருந்து தடவினார். தடவிய இடத்திலேயே மறுபடி மறுபடி தடவினார். நாமத்துக்குக் கீழே கண் இரண்டும் கலங்கியிருந்தன. ஆர்த்தி வளையல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பச்சையையும் சிவப்பையும் கலந்து கையில் போட்டுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க அவளால் முடியவில்லை. கலகலவென்று சத்தம் வந்தது. அந்த வீட்டில் எல்லோருக்கும் மனசு நிறைந்திருந்தது. எனக்கும்தான்.

இந்த இடத்திலேயே முடித்திருப்பேன். செண்பகம் விடவில்லை.

கொஞ்ச நேரமாக அவளைக் கூடத்தில் காணவில்லை. சாமி மாடத்திலிருந்து திரும்பி வந்தபோது அவள் கையில், நிறம் வெளுத்துப் போன ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது.

"இது இன்னா?" என்றார் நெடுஞ்செழியன்.

"கல்யாணமான புதுசுல திரௌபதி அம்மனுக்கு முடிஞ்சி வெச்சது. என் வூட்டுக்காரரு என்னிக்காச்சும் ஒரு நாளு அவரு கையால சூடத்தத் தொட்டாருன்னா, அந்த வருசமே அவர கூட்டிக்கினு வந்து தீ மிதிக்க வெக்கறேன்னு வேண்டிக்கினேன்." முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இத்தினி வருசம் கழிச்சி ஆத்தா நடத்திக் குடுத்துட்டா. வைகாசியில தீமிதி வருது."

"அடியே, நான் நெருப்பத்தான்டி அணைச்சேன்!"

"அணைக்கறதுதான் சத்தியம்னு பூசாரியே சொன்னாராமே. நீங்கதான இப்போ சொன்னீங்க?"

"தீமிதியாவது, ஒண்ணாவது. எனக்கு அதுல நம்பிக்கையே கெடையாதுன்னு ஊருக்கே தெரியும்."

செண்பகம் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"நான் நம்பறேனே" என்றாள்.

ஆர்த்தியின் வளையல் சத்தம் நின்றது. டியூபை மூடப் போன கோதண்டபாணி, மூடாமல், சம்மந்தியின் இரண்டு பாதங்களையும் கவலையோடு பார்த்தார்.